கோட்டு தின்ற குண்டுகள்

குசாகா ஷிகேருவை ஏமாற்றுக்காரர் என்று முதலில் சொன்னவள் இவாசே. முகத்துக்கு நேரே சொல்லவில்லை. யாச்சிமாதாவில் நிலக்கடலை வயல்களைத் தாண்டி இருக்கும் விளையாட்டுக் காட்டில், மதியம் எல்லோரும் சோற்று உருண்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை.

"மூணு தடவ சுட்டேன். மூணும் முதுகுல. பட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கல, நடந்து போய்க்கிட்டே இருக்கார்."

இவாசே வார நாட்களில் பல் மருத்துவரிடம் உதவியாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் சோவியத் சிப்பாய். பொய் சொல்கிறவள் அல்ல. குறி தவறுகிறவளும் அல்ல. அதுதான் சிக்கல்.

இந்த விளையாட்டில் நடுவர் கிடையாது. துப்பாக்கியிலிருந்து வருவது சுண்டைக்காயைவிடச் சிறிய பிளாஸ்டிக் குண்டு. அது யார் மேல் பட்டது என்று தூரத்திலிருந்து எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. பட்டவன் தானே கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்த வேண்டும். அவன் வாய்தான் சாட்சி, அவன் வாய்தான் தீர்ப்பு. பட்டும் சொல்லாமல் ஓடுகிறவனுக்கு ஜோம்பி என்று பெயர். திருடன் என்று பேரெடுத்தவன்கூட ஊர் மாறிப் பிழைத்துக்கொள்வான். ஜோம்பி என்று பேரெடுத்தவனை சிபா மாவட்டத்தில் எந்தக் காட்டிலும் உள்ளே விடமாட்டார்கள்.

குசாகா இருந்த குழுவில் இது இன்னும் கறார். அவர்கள் சும்மா சுட்டு விளையாடுகிறவர்கள் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் மஞ்சூரிய எல்லை, ஒரு பக்கம் ஜப்பானியச் சிப்பாய்கள், எதிர்ப் பக்கம் சோவியத்துகள். உடுப்பு, பூட்ஸ், தண்ணீர்க் குடுவை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டும். ஹிட் என்று கத்தியவன் எழுந்து போய்க் கூடாரத்தில் காப்பி குடிக்கக் கூடாது. விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும், விசில் ஊதும்வரை. செத்தவன் பேசவும் கூடாது. இந்தச் சட்டங்களைப் போட்டவர் ஓனுகி. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். பணிமனையில் காட்ட முடியாத கண்டிப்பையெல்லாம் காட்டில் கொண்டுவந்து காட்டுவார் என்று அவர் பெண்டாட்டியே சொல்வாள்.

ஓனுகி தலைவர் என்றால் குசாகா அந்தக் குழுவின் கண். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். குசாகா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். சந்தேகம் வந்தால் தையலிலிருந்து ஒரு நூலை இழுத்து லைட்டரில் காட்டுவார். சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகச் சுருண்டால் நைலான், அந்த ஆள் அன்றைக்குப் பார்வையாளர். ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த ஒருவன், ஆசை ஆசையாக வாங்கிய துப்பாக்கியில் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரையை அரத்தால் ராவி எடுத்துவிட்டு வந்தான். அருங்காட்சியகத்தில் இருக்கிற துப்பாக்கிகளில் அப்படித்தானே இருக்கிறது என்றான். உண்மைதான், நாற்பத்தைந்தில் ஜப்பான் சரணடைந்தபோது ராவிக் கொடுத்தவை அவை. குசாகா அந்தத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் துப்பாக்கி ஏற்கெனவே சரணடைஞ்சிடுச்சுப்பா. நாங்க இன்னும் முப்பத்தொம்பதுலதான் இருக்கோம். போய் உக்காரு."

அந்தப் பையன் அதற்கப்புறம் வரவேயில்லை. அதைப் பற்றிக் குசாகா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சரியில்லாதது சரியில்லாததுதான் என்பது அவர் கட்சி. மற்றவர்களை அளந்த அந்தக் கோலால்தான் பின்னால் அவரையும் அளந்தார்கள்.

அறுபது நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். சுதனுமா ரயில் நிலைய வாசலில், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத ஒரு சின்னக் கடை. பெண்களின் ஷூக்களுக்குக் குதிகால் ஒட்டுவதும் சாவி வெட்டுவதும் பிழைப்பு. நாள் முழுக்க யாரோ ஒருவர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு அவசரப்படுத்துவார்கள். குசாகா அதிகம் பேசமாட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி மிட்சுயோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு ஆட்கள் இருக்கிற நாள். மற்ற நாட்களில் 'அதோ அந்த ஷூ கடைக்காரர்' என்றிருந்தவர், அன்றைக்கு மட்டும் 'குசாகா சான் பார்த்துச் சொல்லட்டும்' என்று நாலு பேர் காத்திருக்கிற ஆளாக இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

வீட்டின் பின்னறை அவர் பட்டறை. கடையில் வாங்குகிற முப்பத்தெட்டாம் மாடல் துப்பாக்கி புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வரும். குசாகா அதன் வார்னிஷைச் சுரண்டி எடுப்பார். காக்கி என்று ஜப்பானில் சொல்கிற சீமைப் பனிச்சையின் பச்சைக் காயைப் புளிக்கவைத்து எடுத்த துவர்ச்சாற்றைக் கட்டையில் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்ப்பார். அச்சில் வார்த்த கோடுகளை ஊசி அரத்தால் வழிப்பார். எந்த இடத்தில் சிப்பாயின் உள்ளங்கை பட்டிருக்கும், எந்த இடத்தில் வாரின் கொக்கி உரசியிருக்கும் என்று யோசித்து அங்கே மட்டும் தேய்மானம் வைப்பார். பூட்டை இழுத்துத் தள்ளினால் கடக் கடக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும், அந்தச் சத்தத்துக்காகவே ஒரு சுருள்கம்பியை வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

மிட்சுயோ கதவோரம் நின்று கேலி செய்வாள். "துப்பாக்கிக்கு எண்ணெய் போடுற நேரத்துல உங்க முட்டிக்குக் கொஞ்சம் போட்டா என்னங்க? படி இறங்கும்போது கதவு மாதிரி கிரீச்சுங்குது."

இவாசே சொன்னது ஓனுகியின் காதுக்குப் போக அரை நாள்கூட ஆகவில்லை. இருபது வருடச் சிநேகிதம், அதனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். குசாகா திகைத்துப்போனார். படவேயில்லை என்று அடித்துச் சொன்னார். ஓனுகி அவருடைய கம்பளிக் கோட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். மஞ்சூரியக் குளிருக்கென்று உள்ளுக்குள் இன்னொரு துணி வைத்துக் குசாகாவே தைத்த கோட்டு, போர்வை கனம். ஓனுகி சிரித்துவிட்டார்.

"கோட்டு தின்னுடுச்சுடா. இதப் போட்டுக்கிட்டு நின்னா பீரங்கி சுட்டாக்கூடத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள், இவாசேயும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குசாகா தப்பித்தார். ஆனால் உண்மையில் அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். கோட்டு தின்றுவிட்டது என்ற காரணம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து கோட்டைப் பிரித்தார். உள்துணியை உருவினார். மறுபடி தைக்கும்போது ஊசி கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது, ஊசியின் மேல் பூசியிருந்த எண்ணெயைத் திட்டினார். கோட்டுப் பொத்தான்கள் விரலுக்கு அடங்கவில்லை. அந்தக் காலத்து அரக்குப் பூச்சு வழுக்குகிறது என்று முடிவு செய்து, பொத்தான் துளைகளை ஓர் இழை பெரிதாக்கினார். நடக்கும்போது பாதம் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை. பூட்ஸின் அடியில் இருந்த ஆணிகள் தேய்ந்துவிட்டன என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் புது ஆணி அடித்தார். கடையில் வெட்டிக் கொடுத்த சாவிகள் திரும்பி வர ஆரம்பித்தன. எந்திரத்தின் பிடி தளர்ந்துவிட்டது என்று அதைக் கழற்றி மாட்டினார்.

கேட்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. பொருள்களைச் சரிசெய்தே வாழ்ந்த மனிதருக்கு, குறை என்றால் அது பொருளில்தான் இருக்க முடியும். உடம்பு ஒன்று சொல்ல, அதை ஒவ்வொரு தடவையும் துணி மேலும் தோல் மேலும் ஆணி மேலும் போட்டுக்கொண்டே போனார். கெட்டிக்காரர், அதனால் ஒவ்வொரு தடவையும் நம்பும்படியான ஒரு காரணம் கிடைத்தது. கொஞ்சம் மட்டியாக இருந்திருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.

கோட்டு மெலிந்த பிறகும் குண்டு பட்டது தெரியவில்லை. இவாசே இப்போது ஒன்றும் சொல்வதில்லை, சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தி வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பாள். அது இன்னும் மோசம். குசாகா யோசித்தார். தெரியாவிட்டால் என்ன, கேட்கலாமே. பச்சைத் தேயிலை வருகிற தகர டப்பா ஒன்றை வெட்டி, விளிம்பு கிழிக்காமல் மடித்துத் தட்டி, கோட்டின் முதுகில் உள்பக்கமாக வைத்துத் தைத்தார். குண்டு பட்டால் டிக்கென்று சத்தம் வரும்.

வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முதுகில் டிக் என்றது. குசாகா கையைத் தூக்கிக் காடே கேட்கும்படி ஹிட் என்று கத்திவிட்டு, ஈர இலைகளின் மேல் விழுந்து கிடந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த நேரம் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செத்ததற்காக இவ்வளவு மகிழ்ந்த மனிதனை எங்கேயும் பார்க்க முடியாது.

இரண்டு மூன்று வாரம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் காலை, எல்லோரையும் அவர் சோதித்து முடித்தபின், ஓனுகி அன்பாக அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளங்கையில் தகரம் இடித்தது.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஓனுகி கோட்டைக் கழற்றச் சொன்னார். உள்பக்கத்தைப் புரட்டியதும் டப்பாவின் பச்சை வர்ணமும் தேயிலைக் கம்பெனியின் பாதிப் பெயரும் தெரிந்தன. ஒரு நைலான் நூலுக்காக ஆட்களைத் திருப்பி அனுப்பியவர் உள்ளே தேயிலை டப்பாவோடு நிற்கிறார். யாரோ பின்னாலிருந்து கவசம் என்று முணுமுணுத்தார்கள்.

குசாகா விளக்கினார். பட்டால் தெரிய வேண்டும் என்றுதான் வைத்தேன், ஏமாற்ற அல்ல, சொல்வதற்காகத்தான் என்றார். அவர் காதுக்கே அது கோணலாகக் கேட்டது.

"பட்டா வலிக்கும் குசாகா," என்றார் ஓனுகி. "வலிக்கறதக் காதால கேக்கறதுக்கு எதுக்குடா தகரம்?"

அதற்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் அவருக்கே இன்னும் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு அன்று முழுவதும் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார், முன்பு அவர் அனுப்பியவர்கள் உட்கார்ந்த அதே மர பெஞ்சில்.

கோடை வந்தது. கம்பளி போய் எல்லோரும் மெல்லிய பருத்திச் சட்டைக்கு மாறினார்கள். இனிக் கோட்டின் மேல் பழி போட முடியாது, தகரத்துக்கும் இடமில்லை. குசாகாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஒற்றைச் சட்டை, கீழே தோல், இனிப் பட்டால் எப்படித் தெரியாமல் போகும் என்று நினைத்தார். கோடையின் முதல் ஆட்டத்தில் அவர் இரண்டு தடவை ஹிட் சொன்னார். இரண்டும் கழுத்தில் பட்டவை.

ஆட்டம் முடிந்தால் எல்லோரும் சேர்ந்து நெடுஞ்சாலையோரம் இருக்கிற பொதுக் குளியலறைக்குப் போவது வழக்கம். ஆண்கள் பக்கத்தில் சோவியத்தும் ஜப்பானும் ஒரே தொட்டியில் ஊறும். தாழ்ந்த மரப் பலகைகளில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிடுவார்கள். தகர விஷயத்தை மறந்துவிடலாம் என்று ஓனுகிக்கும் மனதில் இருந்திருக்க வேண்டும், துண்டை எடுத்துக்கொண்டு குசாகாவின் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

முதுகு பூராவும் சிவப்புத் தடிப்புகள். குண்டு பட்ட தடம் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை, அம்மை போட்ட மாதிரி. எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை.

ஓனுகி துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, தொலைவில் இருந்த தொட்டிக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த இருவரும் ஒருவர்பின் ஒருவராக நகர்ந்தார்கள். குசாகா முதுகைக் குனிந்துகொண்டு துண்டுக்காகக் காத்திருந்தார். வெகு நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது பலகை காலியாக இருந்தது. அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டில் மிட்சுயோதான் பார்த்தாள். சட்டை மாற்றும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அலமாரிக் கண்ணாடி முன்னால் அவரை நிறுத்தி, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். குசாகா ரொம்ப நேரம் பார்த்தார். அவள் ஒரு தடிப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். கண்ணாடியில் விரல் அழுந்துவது தெரிந்தது, முதுகில் தெரியவில்லை.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"போலாம். இலையுதிர்கால ஆட்டம் முடியட்டும்."

"முதுகு செத்துக் கிடக்குது, ஆட்டமாங்க உங்களுக்கு?"

அவர் மனதில் ஓடியது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. முதலில் கோட்டு என்றார். பிறகு தகரம். இப்போது போய் நரம்பு சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகத்தான் இருக்கும். நம்பினாலும் பாவம் என்பார்கள், நோயாளி என்று மன்னிப்பார்கள். அவருக்கு மன்னிப்பு வேண்டாம், பெயர் வேண்டும். ஒரே ஓர் ஆட்டம் ஒழுங்காக ஆடி, பட்டதைப் பட்டது என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஆஸ்பத்திரியோ சுடுகாடோ எதுவானாலும் சரி. அவளைச் சமாதானப்படுத்த, நிலையத்துக்குப் பக்கத்தில் எலும்பு நீவிவிடுகிறவரிடம் மட்டும் போய்வந்தார். தோள் இறுகியிருக்கிறது, அந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதான் என்று அவர் அமுக்கிவிட்டு அனுப்பினார்.

செப்டம்பரில் ஓனுகி கடைக்கு வந்தார். குதிகால் தேயாத ஷூ ஒன்றைக் கையில் வைத்திருந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கடைசியில் கொஞ்ச நாள் ஓய்வாக இரேன் என்றார். குசாகா அந்த ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இதற்கு ஒரு வேலையும் இல்லை என்று கொடுத்துவிட்டு, இலையுதிர்கால ஆட்டம் ஒன்றுக்கு மட்டும் வருகிறேன் என்று கேட்டார். அப்படி அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஓனுகி தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

அந்த நாளுக்காகக் குசாகா தன் சாமான்கள் அத்தனையையும் புதிதாகச் சரிசெய்தார். விரல்கள் சொன்னபடி கேட்காததால், மிட்சுயோவை ஊசியில் நூல் கோக்க வைத்தார். அவள் கோத்துக் கொடுத்தாள், அவரோடு பேசவில்லை.

காட்டில் புல் மஞ்சளாகியிருந்தது. வரிசையை அன்றைக்கு வேறொருவர் சோதித்தார். குசாகாவின் முன்னால் வந்ததும் அவர் முதுகைத் தடவிப் பார்த்தார். குசாகா கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் மெதுவாகத்தான் நகர்ந்தார். பூட்ஸைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டியிருந்தது, பார்க்காவிட்டால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு சின்ன மேடு. முழங்கால் உயரம்தான் இருக்கும், குழந்தைகூடக் குதித்து இறங்கும். அதில் இறங்கும்போது எதிரே மரத்தின் பின்னால் ஏதோ அசைந்தது. குசாகா தலையை நிமிர்த்தினார். காலை விட்டுக் கண் போன அந்த நொடியில் கால் மடங்கியது. பின்பக்கமாக விழுந்தார். ஹெல்மெட் ஒரு வேரில் மோதியது, கழுத்துக்குள் வெள்ளையாக ஒரு மின்னல் போயிற்று.

வலி இல்லை. புல் மேல் மல்லாந்து கிடந்தார். மேலே கிளைகள் அசைந்தன. யாரும் அவரைச் சுடவில்லை, அது அவருக்குத் தெரியும். ஹிட் என்று அவர் கத்தவும் இல்லை. எழுந்து, நான் சறுக்கி விழுந்தேன் என்று சொல்ல வேண்டும், அதுதான் நேர்மை. அப்போது காலடிகள் நெருங்கின. ஓனுகியின் குரல் கேட்டது.

"குசாகா விழுந்துட்டான்."

இன்னொரு குரல், இவாசேயுடையது. "நான் சுடல, வேற யாராவது சுட்டிருக்கணும். நல்லா விழுந்தார்."

"அப்பாடா," என்றார் ஓனுகி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லில் இருபது வருடச் சிநேகிதம் திரும்பி வந்துவிட்டது. குசாகாவின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. செத்தவன் பேசக் கூடாது. அவர் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு ஒரு நாள் ஒழுங்காகச் செத்தவனாகக் கிடப்போம், விசில் ஊதியதும் எழுந்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் பேசாமல் இருந்துதான் சொன்னார்.

ஆட்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள். ஒருவர் அவர் கையைத் தாண்டிக் குதித்தார். எறும்பு ஒன்று கன்னத்தில் ஏறியது, அது தெரிந்தது. தட்டிவிடலாம் என்று நினைத்தார். கை வரவில்லை. எறும்பு கண்ணோரம் வந்தது. மறு கையை நினைத்தார், அதுவும் வரவில்லை.

விசில் ஊதியது. செத்தவர்கள் எல்லோரும் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். சிரித்துக்கொண்டே கூடாரத்தை நோக்கி நடந்தார்கள். போகிற வழியில் ஓனுகி உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

"போதும்டா, எந்திரி. ரொம்பத்தான் நடிக்கிற."

குசாகா வாயைத் திறந்தார். அப்போதுதான் குரலும் பாதியாகிவிட்டது தெரிந்தது.

கழுத்தெலும்பின் உள்ளே, தசைநாராக இருக்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறித் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். இந்த நாட்டில் அப்படியொன்றும் அரிதான நோய் இல்லை. குளிர்காலத்திலேயே வந்திருந்தால் அறுவை செய்து பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம். அந்த நிலையில் இருந்த கழுத்துக்கு ஒரு சின்ன விழுதல் போதும். அறுவை செய்தார்கள், இனி எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஏன் அப்போதே வரவில்லை என்று அவர் கேட்டார். மிட்சுயோ புருஷனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓனுகி முதல் தடவை வந்தபோது அறை வாசலிலேயே நின்றார். கையில் பேரிக்காய்ப் பொட்டலம். உள்ளே வந்தாலும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதையோ சொல்லத் தொடங்கி, நான் அன்னிக்கு, என்பதோடு நிறுத்தினார். அப்போது டாக்டர் வந்தார். தினமும் செய்கிற சோதனைதான். ஓனுகி விட்டால் போதும் என்று எழுந்தார்.

"நீ இரு," என்றார் குசாகா. "பக்கத்துல வந்து நில்லு. நான் பட்டதச் சொல்றனா இல்லையான்னு நீயே பாரு."

ஓனுகி பேரிக்காயை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து கட்டில் ஓரம் நின்றார். டாக்டர் போர்வையை விலக்கினார். கண்களை மூடிக்கொள்ளுங்கள், ஊசி குத்துவது தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று குசாகா கேட்டார். எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார் டாக்டர்.

குசாகா கண்ணை மூடினார். தாடைக்குக் கீழே சுருக்கென்றது.

"ஹிட்."

கழுத்தின் பக்கவாட்டில்.

"ஹிட்."

தோளின் மேல், லேசாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல. அவர் யோசித்தார். சந்தேகம் இருந்தால் பட்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் அவர்கள் குழுவின் சட்டம்.

"ஹிட்."

பிறகு ஒன்றும் இல்லை. அவர் காத்திருந்தார். நடைவழியில் சாப்பாட்டு வண்டி உருண்டு போயிற்று. டாக்டரின் சட்டை எங்கோ கீழ்ப்பக்கம் சரசரத்தது. அந்தச் சத்தத்தை வைத்தே ஒன்றிரண்டு தடவை ஹிட் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் சொல்லவில்லை. ஓனுகி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இன்னும் காத்திருந்தார். கடைசியில் பொறுமை போயிற்று.

"டாக்டர், ஏன் நிறுத்திட்டீங்க? மிச்சத்தையும் பாத்துடுங்களேன்."

ஓனுகிதான் சொன்னார்.

"நிறுத்தலடா குசாகா. அவர் இன்னும் குத்திக்கிட்டேதான் இருக்கார்."